நாட்டுக்குள் நாடு: இந்திய–பங்களாதேஷ் எல்லை பற்றிய கேள்வி பதில்

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் மலையக வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி (ஹட்டன்): இந்த எல்லையில் ஒரு நாட்டின் ஊர்கள் மற்ற நாட்டுக்குள் கிடந்தனவாமே, எப்படி ஐயா?

பதில்: அரசர்கள் சதுரங்கத்தில் ஊர்களைப் பணயம் வைத்ததாக அங்கே கதை சொல்வார்கள், நான் அதை நம்பவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயருக்கும் கூச் பெஹார் அரசுக்கும் இடையே போர் ஓய்ந்தபோது, அவரவர் கையிலிருந்த காணிகள் அவரவரிடமே நின்றன. 1947இல் இந்திய–பாகிஸ்தான் பிரிவினைக்காக ராட்கிளிஃப் என்ற பிரித்தானியர் வரைந்த கோடும், 1949இல் கூச் பெஹார் இந்தியாவுடன் இணைந்ததும், அந்தக் காணி வரம்புகளையே நாட்டெல்லைகளாக்கிவிட்டன. பங்களாதேஷுக்குள் 111 இந்தியத் துண்டுகளும், இந்தியாவுக்குள் 51 பங்களாதேஷ் துண்டுகளும் இருந்தன. தஹலா கக்ராபாரி என்ற சிறு வயல், பங்களாதேஷுக்குள் இருந்த இந்தியத் துண்டுக்குள் இருந்த பங்களாதேஷ் துண்டுக்குள் கிடந்த இந்திய நிலமாகும்!

கேள்வி (பதுளை): அங்கே வாழ்ந்தவர்களும் நம்மைப் போல நாடற்றவர்களா?

பதில்: முற்றிலும் அப்படியல்ல. இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோருக்கு நாட்டையே மறுத்தது. அவர்களுக்கோ ஏட்டில் நாடு இருந்தும், அந்த நாட்டின் பாடசாலைக்கோ வாக்குச்சாவடிக்கோ போக அயல்நாட்டைக் கடக்க வேண்டியிருந்ததால், நடைமுறையில் எந்த அரசும் அவர்களை எட்டவில்லை. தீர்வு வந்த விதத்தில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம்மவரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று முதலில் தொகையைத் தீர்மானித்துவிட்டுப் பிறகே விண்ணப்பம் கேட்டது. 2015 ஜூலை 31 நள்ளிரவில் நிலத்துண்டுகள் கைமாறியபோதோ, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அம்மக்கள் எந்த நாட்டவராக இருக்க விரும்புகிறார்கள் என்று தனித்தனியாகக் கேட்கப்பட்டிருந்தது. பெரும்பாலோர் இருந்த மண்ணிலேயே தங்கினர். பங்களாதேஷ் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் குறைவானோரே இந்தியாவுக்குப் பெயர்ந்தனர்.

கேள்வி (தலவாக்கலை): இந்தத் துண்டுகளை மாற்றிக்கொள்வதற்கான இந்திரா–முஜீப் ஒப்பந்தமும் கச்சதீவு உடன்படிக்கையும் 1974இல்தான் கையெழுத்தாயின. கச்சதீவு விடயம் உடனே நடக்க, மற்றதற்கு ஏன் 41 ஆண்டுகள்?

பதில்: பெருபாரி என்ற எல்லைப் பகுதி பற்றிய விவகாரத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் 1960இல், நாட்டின் நிலத்தைப் பிற நாட்டுக்குக் கொடுப்பதற்கு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று கருத்துரைத்தது. அந்தத் திருத்தம், அதாவது நூறாவது திருத்தம், 2015இல்தான் நிறைவேறியது. கச்சதீவு பிணக்குக்குரிய இடம், அதனால் அங்கே எல்லை தீர்மானிக்கப்பட்டதேயன்றி நிலம் எதுவும் கொடுக்கப்படவில்லை என்பது இந்திய அரசின் வாதம். தமிழகத்தில் இதை ஏற்காதோர் பலர் உண்டு.

கேள்வி (நுவரெலியா): இப்போது அத்தகைய துண்டு எதுவும் மிச்சமில்லையா?

பதில்: பங்களாதேஷின் தஹக்ராம்–அங்கர்போதா மட்டும் இந்தியாவுக்குள் இருக்கிறது. அதைத் தாய்நாட்டுடன் இணைக்கும் தீன் பிகா பாதை 2011 முதல் இரவும் பகலும் திறந்துள்ளது.