பழைய காலக் கூடைப்பந்து வீரர்களில் நீங்கள் அடிக்கடி நினைத்துப் பார்ப்பவர் யார்?

மாரிஸ் ஸ்டோக்ஸ். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் மூன்றே மூன்று சீசன் ஆடியவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய நண்பர் ஜாக் ட்வைமனின் பெரிய மனசைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அதுவும் எழுத வேண்டியதுதான். ஆனால் ஸ்டோக்ஸ் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர், படுத்த படுக்கையான பிறகு எவ்வளவு பாடுபட்டார் என்பதெல்லாம் அதில் மறைந்துபோகிறது. அதனால் நான் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

1933இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தை ஒட்டிய ராங்கினில் பிறந்தார். அப்பா இரும்பாலைத் தொழிலாளி. லொரெட்டோ என்ற சிற்றூரில் உள்ள செயின்ட் பிரான்சிஸ் கல்லூரியில் படித்தார். 1955இல் கல்லூரி அணிகள் மோதும் என்ஐடி போட்டியில் அந்தச் சின்னக் கல்லூரி நான்காவதாகத்தான் வந்தது. ஆனாலும் தொடரின் சிறந்த வீரர் விருதை ஸ்டோக்ஸுக்கே கொடுத்தார்கள்.

அதே ஆண்டு, என்பிஏ அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ராசெஸ்டர் ராயல்ஸ் அணி அவரை எடுத்தது. ஆறடி ஏழு அங்குலம், நூறு கிலோவுக்கு மேல் எடை. உயரமானவர்கள் கூடைக்கு அடியில் நிற்க, எதிரணிப் பக்கம் பந்தைக் கொண்டுபோவது கார்டு எனப்படும் உயரம் குறைந்த ஆட்டக்காரர்களின் வேலை என்று இருந்த காலம் அது. ஸ்டோக்ஸ் ரீபவுண்டை, அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தை, எடுத்த கையோடு தானே அதைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடி, ஆள் பார்த்துப் பாஸ் கொடுப்பார். முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகம். இரண்டாவது சீசனில் 1,256 ரீபவுண்ட், அன்றைக்கு அது லீக் சாதனை. அந்த மூன்று சீசன்களையும் சேர்த்துப் பார்த்தால் 3,492 ரீபவுண்ட், அவரைவிட அதிகம் எடுத்தவர் யாருமில்லை. சக வீரர் கூடை போட வழிசெய்யும் பாஸான அசிஸ்ட் 1,062. அதில் அவருக்கு மேலே இருந்தவர் பாஸ்டன் அணியின் பாப் கூசி ஒருவர்தான். ரீபவுண்டில் முதலிடம், அசிஸ்டில் இரண்டாமிடம், இரண்டும் ஒரே ஆள்! எண்பதுகளின் நட்சத்திரம் மேஜிக் ஜான்சன் மாதிரி ஆட்டம் என்று இன்று எதைச் சொல்கிறோமோ, அதை இவர் ஐம்பதுகளிலேயே ஆடிவிட்டார் என்பது என் கருத்து.

1958 மார்ச் 12, சீசனின் கடைசி லீக் ஆட்டம், மினியாபொலிஸில். ராயல்ஸ் அப்போது ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டிக்கு இடம் மாறியிருந்தது. கூடையை நோக்கிப் பாய்ந்தபோது மோதி விழுந்தார், தலை தரையில் அடித்தது. நினைவு தப்பிவிட்டது. மூக்கில் மருந்தைக் காட்டி எழுப்பினார்கள். எழுந்து மறுபடி ஆடவும் செய்தார். மூன்று நாள் கழித்து டெட்ராய்டில், லீக் ஆட்டங்கள் முடிந்த பின் நடக்கும் பிளேஆஃப் சுற்று. அதில் 12 புள்ளி, 15 ரீபவுண்ட். திரும்பி வரும் விமானத்தில் வலிப்பு வந்தது, அப்புறம் கோமா. கண் விழித்தபோது கை, கால், பேச்சு எதுவும் இல்லை. மூளையில் உடம்பை இயக்கும் பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. அறிவு மட்டும் அப்படியே இருந்தது. வயது 24.

அன்றைய வீரர்களுக்கு இப்போது இருப்பது போன்ற மருத்துவக் காப்பீடோ ஓய்வூதியமோ கிடையாது. வங்கியில் அவர் பணம் இருந்தாலும் கையெழுத்துப் போட முடியாததால் எடுக்க வழியில்லை. அப்போதுதான் அதே அணியில் ஆடிய, அவரைவிட ஒரு வயது இளையவரான ட்வைமன் நீதிமன்றத்துக்குப் போய் அவருக்குச் சட்டப்படி காப்பாளர் ஆனார். ஒருவர் கறுப்பர், மற்றவர் வெள்ளையர், அதுவும் ஐம்பதுகளின் அமெரிக்காவில். ஓஹையோ அரசின் தொழிலாளர் இழப்பீட்டுக்காகப் போராடி அதை வாங்கினார். பணம் திரட்ட, கேட்ஸ்கில் மலைப்பகுதியில் இருந்த குட்ஷர்ஸ் விடுதியில் ஆண்டுதோறும் நிதி ஆட்டம் நடந்தது. வில்ட் சேம்பர்லைன் போன்ற பெரிய வீரர்கள் வந்து ஆடிக் கொடுத்தார்கள்.

பேச்சு இல்லாத காலத்தில் ட்வைமன் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். வேண்டிய எழுத்து வந்ததும் ஸ்டோக்ஸ் கண் சிமிட்டுவார். இதைப் படித்ததும் நான் மேலே படிக்காமல் அப்படியே நிறுத்திவிட்டேன். ஏனென்றால் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன சில வாரங்கள் எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. 247 எழுத்தையும் சொல்ல முடியாது என்று முதலில் க, ச, த, ப என்று வரிசையைப் பிடிப்போம், பிறகு அதற்குள் கா, கி, கீ. ஒரு மதியம் எந்த வரிசைக்கும் அப்பா கண் சிமிட்டவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தோம். கடைசியில் தங்கச்சிதான் கண்டுபிடித்தாள். அப்பா கேட்டது 'ஜன்னல்'. வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் போட்டுவைத்திருந்த வரிசையில் 'ஜ' இல்லவே இல்லை. அத்தனை நேரமும் அவர் எங்களைப் பொறுத்துக்கொண்டு படுத்திருந்தார்.

அதனால்தான் ஸ்டோக்ஸின் பொறுமை எனக்கு அவருடைய 1,256 ரீபவுண்டைவிடப் பெரிதாகத் தெரிகிறது. வருடக்கணக்கில் உடற்பயிற்சி சிகிச்சை எடுத்தார். கை ஓரளவு அசையத் தொடங்கியதும் தட்டச்சு செய்யப் பழகினார். ரீபவுண்டை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு ஓடியவர், இப்போது ஒரு விசையைத் தொட இவ்வளவு உழைத்தார். சிலர் இந்தப் பன்னிரண்டு வருடத்தை 'துயரம்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

1970 ஏப்ரல் 6, மாரடைப்பு. 36 வயது. அவர் விருப்பப்படியே செயின்ட் பிரான்சிஸ் கல்லூரி வளாகத்தில் அடக்கம் செய்தார்கள்.

சக வீரர்களிடம் சிறந்த தோழமை காட்டுபவருக்கு என்பிஏ இப்போது ட்வைமன்–ஸ்டோக்ஸ் பெயரில் ஒரு விருது தருகிறது. ட்வைமனும் லேசுப்பட்ட ஆட்டக்காரர் இல்லை. 1959-60 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 31.2 புள்ளி எடுத்தவர். 1983இலேயே கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் சேர்ந்துவிட்டார். ஸ்டோக்ஸுக்கு அந்த இடம் 2004இல்தான் கிடைத்தது. அன்று அவருக்காக மேடையேறி அதை வாங்கிக்கொண்டவர், எழுபது வயதான ட்வைமன்.