பட்டறைப் பதில்கள்: வீட்டுலயே எஞ்சின் மாத்தலாமா அண்ணே?

கேள்வி: அண்ணே, எங்க அப்பா ஓட்டுன 1996 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. ஆயில் குடிக்குது, நீலப்புகை விடுது, நாலு பேர் உக்காந்தா பாலம் ஏற மூச்சு வாங்குது. மெக்கானிக் ஒருத்தர் 'இதை இறக்கிப் போட்டுட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் எஞ்சின் மாட்டிருவோம்'ங்கறார். என் தம்பி ஐ.டி.ஐ. முடிச்சவன், வீட்டுல போர்ட்டிகோவும் இருக்கு. நாங்களே மாத்திரலாமா? (ஆனையூர் வாசகர்)

பதில்: மாத்தலாம் தம்பி, மாருதி 800 அளவுக்குக் கை போற வண்டி வேற கிடையாது. 796 சிசி, மூணு சிலிண்டர், குட்டி எஞ்சின், குறுக்க உக்காந்திருக்கும், பானெட்டைக் கழட்டி வெச்சுட்டா மேலேயே தூக்கிரலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, உண்மையிலேயே எஞ்சின் மாத்தித்தான் ஆகணுமா? புகை எப்ப வருதுன்னு நீங்க எழுதவே இல்லையே. ராத்திரி நிறுத்தி வெச்சு காலையில ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் குபுக்குன்னு நீலமா வந்து அப்புறம் நின்னுருச்சுன்னா அது பெரும்பாலும் வால்வ் சீல், ஹெட் வேலையோட முடிஞ்சிரும். ஓடுறப்ப, ஆக்ஸிலேட்டர் அமுக்க அமுக்க வந்துச்சுன்னா பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடுற சிலிண்டரோட உள்சுவர்) தேஞ்சிருக்குன்னு அர்த்தம்.

சந்தேகமா இருந்தா கம்ப்ரெஷன் கேஜ் ஒண்ணு வாங்கிப் பாத்துருங்க. எஞ்சின் சூடா இருக்கணும், மூணு பிளக்கையும் கழட்டிரணும், காயில் வயரை எடுத்துரணும், ஒருத்தர் ஆக்ஸிலேட்டரை முழுசா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்கணும். மூணு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா நல்லது, ஒண்ணு மட்டும் கீழ கிடந்தா அந்த பிளக் ஓட்டைக்குள்ள ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க, ரீடிங் ஏறுச்சுன்னா ரிங், ஏறலைன்னா வால்வ். ஏறுற கேஸா இருந்தா நான் முதல்ல சொல்றது போர் வேலைதான், வேற எஞ்சின் இல்ல. 0.25, 0.50 எம்.எம். ஓவர்சைஸ் பிஸ்டன் இருக்கு, லேத்துல போர் போட்டு வாங்கிட்டா உங்க பிளாக் உங்க பிளாக்காவே இருக்கும், நம்பர் மாறாது, ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏற வேண்டியதில்லை. கிராங்க் போயிருச்சு, பிளாக்ல விரிசல், கனெக்டிங் ராடு உடைஞ்சு ஓட்டை போட்ருச்சு, இந்த மாதிரின்னாத்தான் மாத்து எஞ்சின்.

சரி, மாத்துறதுன்னே முடிவு பண்ணிட்டீங்கன்னு வெச்சுக்குவோம். சென்னை புதுப்பேட்டையில வாங்குனாலும் சரி இங்க யாரோ உடைச்ச வண்டியில இருந்து வாங்குனாலும் சரி, எஞ்சினைப் பாக்குறதுக்கு முன்னாடி பேப்பரைப் பாருங்க. எஞ்சின் நம்பர் போட்ட பில்லு, அது எந்த வண்டியில இருந்துச்சோ அந்த வண்டியோட ஆர்.சி. கேன்சல் ஆன விவரம், ரெண்டும் வேணும். பிளாக்ல நம்பர் அடிச்ச இடத்தை மண்ணெண்ணெய் துணியால துடைச்சுப் பாருங்க, சுத்தி வார்ப்பு சொரசொரப்பா இருக்க அந்த இடம் மட்டும் கிரைண்டர் ஓட்டுன மாதிரி பளபளன்னு இருந்துச்சுன்னா கும்பிடு போட்டுட்டு வந்துருங்க, ஐயாயிரம் குறைச்சுத் தர்றேன்னாலும் திரும்பிப் பாக்காதீங்க. அடுத்து ஆயில் மூடியைத் திறங்க, உள்ள மோர் மாதிரி வெள்ளையா ஒட்டியிருந்தா தண்ணியும் ஆயிலும் கலந்திருக்கு. கிராங்க் போல்ட்டுல ஸ்பேனர் போட்டு கையால சுத்திப் பாருங்க, எங்கயும் பிடிக்காம ரெண்டு சுத்து வரணும். முடிஞ்சா கியர்பாக்ஸும் செல்ஃப் மோட்டாரும் மாட்டுனபடியே இருக்குற எஞ்சினா பாருங்க, கடையிலயே பேட்டரி குடுத்து கம்ப்ரெஷன் பாத்துரலாம்.

ஆர்.டி.ஓ. விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல 52-ஆவது பிரிவு இருக்குல்ல, அதுல எஞ்சின் மாத்துறதும் வருது, அனுமதி வாங்காம மாத்தியிருந்தா 14 நாளைக்குள்ள சொல்லி ஆர்.சி.யைக் குடுத்து திருத்தணும். என்னைக் கேட்டா முன்னாடியே போய்க் கேட்டுருங்கன்னுதான் சொல்வேன். உங்க ஏரியாவுக்கு டி.என். 59 ஆ, 64 ஆ, 58 ஆன்னு பாத்து அந்த ஆபீஸ்ல எழுதிக் குடுத்து, அதே மாடல் அதே பெட்ரோல் எஞ்சின்னு காட்டி, என்னென்ன பேப்பர் வேணும்னு கேட்டு வாங்கிருங்க. 1996 வண்டின்னா 15 வருஷம் தாண்டி எஃப்.சி.யில ஓடிக்கிட்டு இருக்கும், அடுத்த எஃப்.சி.யில நம்பர் ஒத்துப் போகலைன்னா அங்கயே நிறுத்திருவாங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு லெட்டர் போட்ருங்க.

இப்ப வேலைக்கு வருவோம். போர்ட்டிகோ இருக்குன்னு எழுதுனீங்களே, அந்தக் கான்கிரீட்ல தொங்குற ஃபேன் கொக்கியில செயின் பிளாக் மாட்டுறதா ஐடியா இருந்துச்சுன்னா இப்பவே விட்ருங்க. அது ஃபேனுக்குப் போட்ட கம்பி. ஒரு டன் செயின் பிளாக்கும் இரும்பு பைப் முக்காலியும் வாடகைக்குக் கிடைக்கும், இல்லைன்னா எஞ்சின் கிரேன். கிராமத்துப் பக்கம் வேப்பமரக் கிளையில கட்டித் தூக்குறதை நான் பாத்திருக்கேன், பச்சை வேம்பு, தொடை மொத்தம், அது நிக்கும், ஆனா வீட்டு வாசல்ல முருங்கைதான் இருக்குன்னு அதுல கட்டிறாதீங்க சாமி. தூக்குறப்ப எஞ்சினுக்குக் கீழ கை, கால், தம்பி, எதுவும் இருக்கக்கூடாது. வண்டியை ஜாக்கியில நிறுத்தி வேலை பாக்காதீங்க, ஸ்டாண்டு போடுங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல நாலா பக்கமும் போட்டோ எடுத்துருங்க, வாக்குவம் ஹோஸ் ஒவ்வொண்ணுக்கும் டேப் ஒட்டி நம்பர் போடுங்க, ஏன்னா கார்புரேட்டர் வண்டியில குழப்புறதே அந்த ஊசி ஊசியான ஹோஸ்தான். முதல்ல பேட்டரி நெகட்டிவ். அப்புறம் பெட்ரோல் லைனை அடைச்சு, வடிஞ்சதை மூடியோட இருக்குற கேன்ல பிடிச்சு வீட்டுக்கு வெளிய வெச்சிருங்க, சமையல்கட்டுப் பக்கமோ சாமி விளக்குப் பக்கமோ வேண்டாம். ரேடியேட்டர், கிளட்ச் கேபிள், சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், சைலன்ஸர் பைப், கியர் ராடு. கியர் ஆயிலை வடிச்சுட்டு ஆக்ஸிலை எடுக்கணும், அங்கதான் நிறையப் பேரு ஆக்ஸிலையே பிடிச்சு வெளிய இழுப்பாங்க, உள் ஜாயிண்ட் பிரிஞ்சு கிரீஸோட கையில வந்துரும். கியர்பாக்ஸ் ஓரத்துல டயர் லிவர் குடுத்து மெதுவா நெம்புங்க, டொக்குன்னு ஒரு சத்தத்தோட வெளிய வரும். போல்ட்டை எல்லாம் ஒரே டப்பாவுல கொட்டாதீங்க, பெல் ஹவுசிங் (எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருற கூடு) போல்ட்டுக்கு ஒரு டப்பா, மவுண்டிங் போல்ட்டுக்கு ஒண்ணு, நீளம் மாறி மாட்டிட்டா அலுமினியத்துல மரை போயிரும்.

எஞ்சின் வெளிய இருக்குறப்பதான் காசு செலவு பண்ணணும், இதுல கஞ்சத்தனம் கூடாது. பின்பக்க கிராங்க் ஆயில் சீல், டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும், வாட்டர் பம்ப், கிளட்ச் செட், ரிலீஸ் பேரிங், ஆக்ஸில் சீல், எஞ்சின் மவுண்டிங் ரப்பர், தண்ணி ஹோஸ், பெட்ரோல் ஹோஸ் அத்தனையும் புதுசு போட்ருங்க. 'பழசு நல்லாத்தானே இருக்கு'ன்னு விட்ட அந்த ஒரு சீல் ஒழுகுச்சுன்னா மறுபடி மொத்தத்தையும் இறக்கணும். பெட்ரோல் ஹோஸைத் தனியா சொல்றதுக்குக் காரணம் இருக்கு, இப்ப பங்குல வர்றது எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் அதுல ஊறி உப்பி வெடிப்பு விட்ரும், அதனால எத்தனால் தாங்குற ஹோஸ்னு கேட்டு வாங்குங்க, கார்புரேட்டர் ரிப்பேர் கிட்டும் அதோட போட்ருங்க.

கிளட்ச் பிளேட்டை நடுவுல நிறுத்தாம பிரஷர் பிளேட்டை டைட் பண்ணிட்டீங்கன்னா கியர்பாக்ஸ் ஏறாது. அலைன்மெண்ட் டூல் இல்லைன்னா பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒண்ணு பட்டறையில கேளுங்க. கியர்பாக்ஸ் கையாலேயே உள்ள போய் எஞ்சினோட முகம் ஒட்டணும். ஒரு விரல் கேப் இருக்கு, போல்ட்டைப் போட்டு இழுத்துரலாம்னு ஒரு நினைப்பு வரும், அப்படி இழுத்தாத்தான் அந்த அலுமினியக் காது பட்டுன்னு உடையும். கழட்டிட்டு மறுபடி நடு பாருங்க.

மாட்டி முடிச்சதும் சாவியைத் திருப்பி உறுமவிடாதீங்க. ஆயில் ஊத்தி, காயில் வயரை எடுத்துட்டு, ஆயில் லைட் அணையுற வரைக்கும் விட்டு விட்டு செல்ஃப் அடிங்க, அப்பத்தான் பேரிங்குக்கெல்லாம் ஆயில் போகும். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர் பத்துற வரிசை, 1-3-2, பிளக் வயரை அப்படிப் போடுங்க. ஸ்டார்ட் ஆனதும் டைமிங் லைட் வெச்சு டெல்கோவை (டிஸ்ட்ரிப்யூட்டர்) செட் பண்ணுங்க. ரேடியேட்டர்ல நம்ம ஊரு போர் தண்ணியை ஊத்திறாதீங்க, அந்த உப்புக்கு ஆறு மாசத்துல டியூப் அடைக்கும், கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான். ஃபேன் ஓடி நிக்குற வரைக்கும் வீட்டு வாசல்லயே ஐடிலிங் விட்டு, காத்து வெளிய போனதும் தண்ணி லெவல் பாருங்க. முத ஓட்டம் ரிங் ரோட்டுல, ஸ்பேனர் டப்பாவோட. அதுக்கடுத்த வாரம் நல்லா போச்சுன்னா சிறுமலை ஏத்திப் பாருங்க, ஏத்தத்துல டெம்பரேச்சர் முள்ளு நடுவுலயே நின்னுச்சுன்னா வேலை சுத்தம்.

கேள்வி: எஞ்சின் மாத்தி ரெண்டு நாள் ஆச்சுங்க. செல்ஃப் சுத்தவே மாட்டேங்குது, பேட்டரி புதுசு. நேத்து ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சதுல சோக் கேபிள் சுட்டு, மேல பிளாஸ்டிக் உருகி நாத்தம் வருது. எனக்குப் பயமா இருக்கு. (மேலூர் வாசகி)

பதில்: பேட்டரியைக் கழட்டி வெச்சுட்டு மேல படிங்கம்மா, இனிமே செல்ஃப் அடிக்காதீங்க. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல பட்டையா பின்னுன ஒரு எர்த் ஸ்ட்ராப் இருக்கும், அதை மாட்ட மறந்திருக்காங்க, இல்லைன்னா பெயிண்ட் மேலேயே மாட்டியிருக்காங்க. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல உக்காந்திருக்கு, ரப்பர்ல கரண்டு போகாது, செல்ஃப் மோட்டார் இழுக்குற அவ்வளவு கரண்டும் பேட்டரிக்குத் திரும்ப வழி தேடி எஞ்சினைத் தொட்டுக்கிட்டு இருக்குற சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியா ஓடியிருக்கு. ஸ்ட்ராப் உக்காருற ரெண்டு இடத்தையும் உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேய்ச்சு மாட்டச் சொல்லுங்க, சுட்ட கேபிளைப் புதுசு மாத்திருங்க. வேலை பாத்தவரு 'பேட்டரி மாத்துங்க'ன்னு சொன்னா கேக்காதீங்க.

கேள்வி: எங்கிட்ட பெட்ரோல் அம்பாசிடர் இருக்கு. ஜீப்போட டீசல் எஞ்சின் ஒண்ணு சும்மா கிடக்கு. போட்டா மைலேஜ் வரும்ல? ஒரு காலத்துல எல்லாரும் பண்ணாங்களே. (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: பண்ணாங்க, இல்லைன்னு சொல்லலை. இந்த மதுரையிலதான் 1911-ல டி.வி.எஸ். ஆரம்பிச்சது, வண்டி வேலை நம்ம ஆளுகளுக்கு ரத்தத்துலயே இருக்கு, எதையும் எதுலயும் மாட்டிருவாங்க. ஆனா எரிபொருளே மாறுறது வேற கதை. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட், கேரளாவுல இருந்து வந்த கேஸ்ல, கம்பெனி குடுத்த ஒரிஜினல் அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லிருச்சு. ஆர்.சி.யில பெட்ரோல்னு இருக்க டீசல் ஓட்டி எங்கயாவது இடிச்சுட்டீங்கன்னா இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். சட்டத்தை விடுங்க, வேலையா பாத்தாலும் எனக்குப் பிடிக்காது, முன்பக்கம் கனம் கூடும், சஸ்பென்ஷன் அமுங்கும், அதே பிரேக்கு, பெல் ஹவுசிங் சேராம அடாப்டர் பிளேட் கடையணும், அந்த பிளேட் ஒரு நூலு தப்புனாலும் கிளட்ச் பிளேட்டைத் தின்னுக்கிட்டே இருக்கும். அம்பாசிடர் 2014-லயே நின்னுபோச்சு, இருக்குறதை ஒரிஜினலா வெச்சுக்கங்க. ஜீப் எஞ்சினை ஜீப்காரருக்கு வித்துருங்க.

கேள்வி: பழைய மாருதி 800-ல ஆல்ட்டோ எஞ்சின் உக்காருமா? (வாடிப்பட்டி வாசகர்)

பதில்: உக்கார வெக்கலாம். ஆனா அது எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின், கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்டர்தான் பெட்ரோலைப் பீச்சும், அதை ஓட்டுற கம்ப்யூட்டரான ஈ.சி.யூ., வயரிங் மொத்தமும், சென்சார், டேங்குக்குள்ள மோட்டார் எல்லாம் கூட வரணும், கடைசியில அந்த ஆல்ட்டோவையே முழுசா வாங்கியிருக்கலாம்னு தோணும். ஆர்.சி. பிரச்சனை மேல சொன்னதுதான்.

கேள்வி: மாட்டுனதுல இருந்து ஐடிலிங்ல ஸ்டியரிங் நடுங்குது, வேகம் போனா சரியாயிருது. (திருமங்கலம் வாசகர்)

பதில்: டியூனிங் சரியா இருக்குன்னா மவுண்டிங்கை முறுக்கி வெச்சு டைட் பண்ணியிருப்பாங்க. எல்லா மவுண்டிங் போல்ட்டையும் லேசா லூஸ் பண்ணி, எஞ்சினைக் கையால ரெண்டு ஆட்டு ஆட்டி அதுவா உக்கார விட்டு, அப்புறம் டைட் பண்ணுங்க. சைலன்ஸர் பைப் பாடியில எங்கயாவது இடிக்குதான்னும் குனிஞ்சு பாருங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரரும் அவரு மச்சானும் போர்ட்டிகோவுல எஞ்சின் இறக்கி டைல்ஸ் பூரா ஆயில். எதைப் போட்டும் போகலை. அவங்களைக் கேட்டா பதிலே இல்லை. (கூடல் நகர் வாசகி)

பதில்: புதுக் கறைன்னா மரத்தூளோ சிமெண்டுத் தூளோ கனமா கொட்டி ராத்திரி பூரா விடுங்க, ஈரம் படக்கூடாது, காலையில கூட்டி அள்ளிட்டு சோப்புத்தூளைக் கெட்டியா குழைச்சுப் பிரஷ் போட்டுத் தேய்ங்க. டைல்ஸ் இடுக்குல இறங்குனது முழுசா போகாது, அந்த இடுக்கை மட்டும் சுரண்டி எடுத்துட்டு புதுசா பூசிக்கலாம், ஒரு பாக்கெட் வொயிட் சிமெண்டு போதும். சுரண்டுற வேலையை மச்சான்கிட்ட குடுங்க.