குதிரைக்குட்டியில் ஒளிந்திருக்கும் நிறம்: குதிரை வளர்ப்பு விளையாட்டு ஆடும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இரண்டு செஸ்நட் (செம்பழுப்பு) குதிரைகளைச் சேர்த்துக் கறுப்புக் குட்டி எடுக்கலாமா? (சுன்னாகம்)

முடியாது. கறுப்புக்கான எதிருரு, அதாவது மரபணுவின் அந்த வடிவம், இரண்டிலும் இல்லை. நூறு குட்டி எடுத்தாலும் செஸ்நட்தான்.

என் கறுப்புச் சோடி இரண்டும் செஸ்நட் காவிகள் (நிறத்தை வெளியில் காட்டாமல் உள்ளே சுமப்பவை). மூன்று குட்டியும் கறுப்பு, விற்றுவிட்டேன். நாலாவது செஸ்நட்தானே? (சாவகச்சேரி)

இல்லை தம்பி. இரண்டு காவிகளைச் சேர்த்தால் செஸ்நட் வாய்ப்பு நாலில் ஒன்று, ஆனால் அதற்கு நாலாவது குட்டி என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு குட்டிக்கும் சீட்டுப் புதிதாகக் குலுக்கப்படுகிறது. நாலு குட்டி எடுத்தும் ஒரு செஸ்நட்கூட வராமல் போக 32 சதவீத வாய்ப்பு உண்டு. பத்து எடுத்தும் வராமல் போக 6 சதவீதம் போல.

ஆனால் எனக்கு வயிறெரிவது நீர் விற்றதை நினைத்துத்தான். இப்படியான சோடிக்குப் பிறக்கும் கறுப்புக் குட்டிகளில் மூன்றில் இரண்டு காவிகள். அதில் ஒன்றை ஒரு செஸ்நட்டோடு சேர்த்திருந்தால் வாய்ப்பு 25இலிருந்து 50 சதவீதமாகியிருக்கும். நிறம் வெளியில் தெரியவில்லை என்பதற்காகக் காவிகளைச் சந்தையில் தள்ளிவிடுகிறார்கள். வாங்குகிறவருக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. மூன்று தலைமுறையாக நான் சேர்த்த பேர்ல் (நிறத்தை வெளிறச் செய்யும் எதிருரு) வழி ஒன்று இப்படித்தான் அழிந்தது. பார்த்துக்கொள்ளப் பொறுப்பேற்றவர், வடிவில்லாத குட்டிகள் என்று அத்தனையையும் விற்றுவிட்டார். தாய், தகப்பன், அவற்றின் தாய் தகப்பன் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஒரு கொப்பி போதும். பரிசோதிக்காமல் ஒரு குட்டியையும் விற்காதீர்கள்.

என் குதிரைக்கு என்ன நிறக் குட்டி வரும்? (ஊர் போடவில்லை)

எந்தக் குதிரை? நிறமும் சொல்லவில்லை, பெற்றோரும் சொல்லவில்லை. கொப்பியில் எழுதிவிட்டு அதைப் பார்த்துத் திரும்பக் கேளுங்கள்.

கிரமெல்லோ (வெளிர் கிரீம் நிறம்) என்று வாங்கிய குதிரைக்குச் செஸ்நட் குட்டி பிறந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (நல்லூர்)

விற்றவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். நிறத்தை வெளிறச் செய்யும் எதிருருக்களில் ஒரு கிரீமும் ஒரு பேர்லும் சேர்ந்த செஸ்நட், பார்வைக்குக் கிரமெல்லோ போலவே இருக்கும். இரண்டும் ஒரே மரபணுவின் எதிருருக்கள் என்பதால் ஒரு குட்டிக்கு ஏதாவது ஒன்றுதான் போகும். சாதாரணச் செஸ்நட்டோடு சேர்த்தால் இரண்டு கிரீம் உள்ள உண்மையான கிரமெல்லோவுக்கு எல்லாக் குட்டியும் பாலோமினோ (பொன்னிறம்). உங்களுக்குப் பிறந்த செஸ்நட் அநேகமாகப் பேர்ல் காவி. அதை விற்றுவிடாதீர்கள்!

பிரேம் கோலம் (உடலின் பக்கங்களில் வெள்ளைத் திட்டு) வடிவாக இருக்கிறது. இரண்டு பிரேமைச் சேர்க்கலாமா? (பருத்தித்துறை)

வேண்டாம். ஒரு பிரதி கோலம் காட்டும், இரண்டு பிரதி கொல்லும். நாலில் ஒரு குட்டி வெள்ளையாகப் பிறந்து, குடல் இயங்காமல் ஓரிரு நாளில் இறந்துபோகும். நிஜக் குதிரையில் நடப்பது இதுதான், மரபியலை ஒழுங்காகப் பின்பற்றும் விளையாட்டிலும் அந்தக் குட்டி தப்பாது. வெள்ளையே தெரியாத பிரேம் குதிரைகளும் உண்டு, ஆகவே முதலில் பரிசோதனை.

நெடுந்தீவுக் குதிரைகள் மாதிரி வெளியிலிருந்து ஒன்றும் சேர்க்காமல் ஒரு கூட்டம் வளர்க்கிறேன். அரிய நிறம் தானாக வருமா? (நெடுந்தீவு)

நல்ல கேள்வி. சுற்றிவரக் கடல் என்றால் சொந்தத்துக்குள் சேர்க்கை கூடும், ஒளிந்திருந்த பின்னிடைவு நிறங்களும் (இரண்டு பிரதி இருந்தால்தான் தெரிபவை) மெல்ல வெளியே வரும். ஆனால் முதல் விட்ட குதிரைகளில் இல்லாத எதிருரு பிறகு முளைக்காது. ஆகவே தொடக்கத்திலேயே பரிசோதித்து ஒரு காவியையாவது எடுங்கள், ஆணாக இருந்தால் இன்னும் நல்லது. அதன் பிள்ளைகளில் பாதி காவிகளாக இருக்கும். அந்தக் காவிகளை மட்டும் தங்களுக்குள் சேர்த்தால் பேரக்குட்டிகளில் நாலில் ஒன்று நிறம் காட்டும்.