எரிமலைச் சூட்டில் கடல்நீரை இறக்கலாமா?

கேள்வி: எரிமலைத் தீவு ஒன்றில், கரையை ஒட்டியே வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. ஆழ்துளை போட்டு, கடல்நீரை உள்ளே இறக்கி, வரும் நீராவியில் மின்சாரம் எடுக்க எங்கள் குழு யோசிக்கிறது. உப்பு அடைத்துக்கொள்ளுமா? எதை முதலில் சோதிக்க வேண்டும்?

பதில்: அடைத்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் பயப்படும் சாப்பாட்டு உப்பு அல்ல. சூடான நீர் மேலே வரும்போது அதில் ஒரு பகுதிதான் ஆவியாகிறது. மீதி நீரில் அந்த உப்பு கரைந்தபடியே இருந்துவிடும். வில்லங்கம் கால்சியம் சல்பேட்டில்தான். பெரும்பாலான உப்புகள் சூடேறினால் கூடுதலாகக் கரையும், இதுவோ நேர்மாறு. கடல்நீர் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இது அன்ஹைட்ரைட் என்ற கனிமமாகப் படியத் தொடங்கும். ஆயிரம் லிட்டர் கடல்நீரில் உள்ள கால்சியம் முழுவதும் இப்படி மாறினால் சுமார் 1.4 கிலோ. நொடிக்கு 50 லிட்டர் இறக்கினால் நாளொன்றுக்கு 6 டன்! அதுவும் நீரோட்டத்துக்காகத் திறந்திருக்க வேண்டிய பாறை விரிசல்களிலேயே போய்ப் படியும். ஆகவே பச்சைக் கடல்நீரை நேரே சுடுபாறைக்குள் இறக்காதீர்கள்.

ஐஸ்லாந்தின் ரெய்க்யானெஸ் புவிவெப்ப மின்நிலையத்தில் எப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். 2006-இல் 100 மெகாவாட்டுடன் தொடங்கிய அந்த நிலையத்தின் கிணறுகளில் வருவது கடல்நீர்தான். ஆனால் யாரும் இறக்கியதல்ல. நெடுங்காலமாகப் பாறை வழியே கசிந்து, போகிற வழியிலேயே சல்பேட்டையும் மெக்னீசியத்தையும் பெருமளவு விட்டுவிட்டு, 300 டிகிரி அளவில் தேங்கி நிற்கும் நீர். கரீபியன் தீவான குவாதலூப்பின் புயாந்த் நிலையமும் கடல்நீரும் மழைநீரும் இயற்கையாகக் கலந்த நிலத்தடி நீரைத்தான் நம்பியிருக்கிறது. நீங்கள் தேட வேண்டியது இப்படி ஏற்கெனவே பக்குவப்பட்ட நீரை. கிணற்றுக்குள் திருப்பி அனுப்புவதும் ஆவி பிரிந்தபின் மிஞ்சும் அதே நீராக இருக்கட்டும்.

அதிலும் பாறையிலிருந்து கரைந்த சிலிக்கா (மணலில் உள்ள அதே பொருள்) இருக்கும். நீர் குளிர்ந்தால் அது குழாயில் படியும் என்பதால், நீர் சூடாகவே இருக்கும்படி ஆவியை உயர் அழுத்தத்திலேயே பிரிக்கிறார்கள். கொஞ்சம் ஆற்றல் வீணாகும், வேறு வழியில்லை. (ரெய்க்யானெஸ் குழாய்ப் படிவுகளில் தங்கமும் வெள்ளியும்கூட இருந்தன. அதை நம்பி முதலீட்டாளரைக் கூப்பிட வேண்டாம்.)

கடலின் உண்மையான பயன் தரைக்கு மேலேதான். புவிவெப்ப நிலையங்கள் எடுக்கும் வெப்பத்தில் சராசரியாக எட்டில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதியை எங்காவது கொட்டியாக வேண்டும். அந்தக் குளிர்விப்புக்குக் கடலைப் போல வசதி வேறில்லை. அரிப்பைத் தாங்க டைட்டானியக் குழாய்கள் தேவை, விலை கடிக்கும். கிணற்றில் வரும் நீர் 180 டிகிரிக்குக் கீழே என்றால், அந்தச் சூட்டில் பென்டேன் போன்ற எளிதில் ஆவியாகும் திரவத்தைக் கொதிக்கவைத்து டர்பைனை ஓட்டலாம்.

சூடு கூடக் கூட நல்லது என்றும் எண்ண வேண்டாம். ஐஸ்லாந்தின் க்ராஃப்லாவில் 2009-இல் 2.1 கிலோமீட்டர் ஆழத்திலேயே துளைக்கருவி மாக்மாவில் (உருகிய பாறைக்குழம்பில்) போய் இடித்தது. பிறகு அந்தக் கிணற்றிலிருந்து 450 டிகிரி ஆவி வந்தது. கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும். 2012-இல் கிணற்றை மூட வேண்டியதாயிற்று.

முதல் சோதனைக்கு அதிகம் செலவில்லை: ஊற்றுநீரின் மெக்னீசியத்தை அளந்து பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவில் இருக்கும்; ஆழத்தில் நன்றாக வெந்த நீரில் ஏறக்குறைய இருக்காது. உப்பு கரித்தும் மெக்னீசியம் குறைவாக இருந்தால் ஆர்வத்துடன் மேலே போகலாம். கடல் அளவுக்கே இருந்தால் அது கரையோரம் சூடான கடல்நீராக இருக்கலாம். கீழே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. நிலத்தடிப் பாறை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் மின்தடை ஆய்வை மட்டும் நம்பித் துளை போடாதீர்கள், கடல்நீர் ஊறிய பாறையும் அதில் வெப்பத்தேக்கம் போலவே தெரியும். மாதிரியை கடல் வற்றி உள்வாங்கியிருக்கும் நேரத்தில் எடுங்கள். சிலிக்காவுக்கான குப்பியில் மட்டும், எடுத்த இடத்திலேயே அளவாகத் தூயநீர் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆய்வகம் போவதற்குள் அது படிந்து கணக்கு குறைந்துவிடும்.