இரண்டாம் குரல் என்றால் இரண்டாம் தரமா?

தேசிய சேர்ந்திசைக் குழுவுக்கு வட மாகாணத்திலிருந்து பிள்ளைகளைத் தெரிவு செய்ததிலிருந்து எனக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். தெரிவாகாத பிள்ளைகளின் வீட்டிலிருந்து ஒரு கடிதமும் இல்லை, கவலையெல்லாம் தெரிவானவர்கள் வீட்டில்தான்!

அக்கா, என் மகளுக்கு 16 வயது. ஏழு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் படிக்கிறாள், வட இலங்கைச் சங்கீத சபைச் சோதினைகளும் எடுத்திருக்கிறாள். தேசியக் குழுவில் அவளை ஆல்ட்டோவில், அதாவது மெட்டுக்குக் கீழே பாடும் இரண்டாம் குரலில், போட்டுவிட்டார்கள். மெட்டை மற்றப் பிள்ளைகள் பாட இவளுக்கு வெறும் இழுவைதான். வீட்டில் தனியே பழகும்போது கேட்டால் என்ன பாட்டென்றே விளங்கவில்லை. திறமை குறைவென்றா தள்ளிவிட்டார்கள்? – ஒரு அம்மா, கோப்பாய்

அம்மா, தள்ளிவிடவில்லை. மகள் எத்தனை கட்டையில் (எந்தச் சுருதி உயரத்தில்) பாடுகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம்மூர்ப் பெண் பிள்ளைகள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டைதான். ஐந்தரையில் கீழே மந்தர பஞ்சமத்திலிருந்து மேலே தார பஞ்சமம் வரை வருடக்கணக்காகப் பாடிப் பழகிய தொண்டை, வெள்ளைக்காரர் ஆல்ட்டோ என்று சொல்லும் எல்லைக்குள் கிட்டத்தட்ட அப்படியே அடங்கிவிடும். பெண் குரல்களில் மிக உயரமான சொப்ரானோ என்றால் சில பாட்டுகளில் தார ஷட்ஜத்துக்கு மேலே இன்னொரு ஸ்தாயி ஏறவேண்டி வரும், அதுவும் கத்தாமல். நம் பயிற்சியில் அந்த உயரத்துக்குப் போகும் வேலையே இல்லை. குரலை அளந்து பார்த்து, அது சுகமாக நிற்கும் இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தனியே கேட்டால் பாட்டாகத் தெரியாது என்பது உண்மைதான். மிருதங்கக்காரர் வீட்டில் தனியே வாசித்துப் பழகும்போது என்ன கீர்த்தனைக்கு வாசிக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியுமா? ஒரு சோதனை செய்து பாருங்கள். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு நீங்கள் பஞ்சமத்தில் நில்லுங்கள், மகளை சங்கராபரணத்துக் காந்தாரத்தில் நிற்கச் சொல்லுங்கள். அசைக்காமல், கமகம் இல்லாமல், நேராக. இரண்டு பேருடைய குரலும் ஷட்ஜத்தோடு பொருந்துகிற அந்த நொடியில் அறையே நிறைந்தது போல இருக்கும். இதில் அந்நியமாக ஒன்றுமில்லை. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவைக் காதோடு வைத்துக் கேட்டால், ஒரு தந்தியிலும் வைக்காத அந்தர காந்தாரம் தானாக ஒலிக்கும். நம்முடைய வாத்தியத்துக்குள் ஏற்கெனவே இருக்கிற ஒன்றைத்தான் சேர்ந்திசையில் மனிதக் குரல்கள் செய்கின்றன.

கஷ்டம் இரண்டு இடத்தில் வரும். ஒன்று கமகம். நாற்பது பேர் ஒரே ஸ்வரத்தில் நிற்கும்போது ஒரு பிள்ளை மட்டும் பழக்கதோஷத்தில் அசைத்தால் அந்த வரிசையே கலங்கிவிடும். பத்து வருடம் ‘அசைத்துப் பாடு’ என்று திட்டு வாங்கிய பிள்ளையிடம் இப்போது ‘அசைக்காதே’ என்றால் அதற்கு அழுகை வரும்தான், எனக்கே வந்தது. மற்றது சுருதி. நமக்கு ஷட்ஜம் ஒரே இடத்தில் ஆணி அடித்தது போல இருக்கும், அங்கே பாட்டுக்குப் பாட்டு மாறும், பெட்டியும் பக்கத்தில் ஓடாது. பக்கத்தில் நிற்கிறவள் வேறு ஸ்வரம் பாடும்போது தன்னுடையதை விடாமல் பிடித்துக்கொண்டு, அவளையும் கேட்டுக்கொண்டே பாட நல்ல காது வேண்டும். மெட்டைப் பாடுகிறவர்களுக்குப் பாட்டே வழிகாட்டும், ஆல்ட்டோவுக்கு அந்த வசதி இல்லை. அதனால் காது கெட்டியான பிள்ளைகளைத்தான் நடுக் குரல்களில் நிறுத்தப் பார்ப்பார்கள், என் அனுபவத்தில் அப்படித்தான். (கிறிஸ்தவக் கோயில் கொயரில் சின்ன வயதிலிருந்தே நின்ற பிள்ளைகளுக்கு இது லேசாக வரும். குழுவில் அப்படி ஒருத்தி இருந்தால் மகளை அவளுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.)

வயது 14. நானும் தெரிவாகிவிட்டேன், ஆனால் போன கிழமையிலிருந்து குரல் திடீர் திடீரென்று உடைகிறது. சொன்னால் நீக்கிவிடுவார்களோ என்று பயம். – நெல்லியடி

தம்பி, இதற்கு மகரக்கட்டு என்று பெயரே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பழைய விஷயம். குரல்வளை வளர்கிறது, அது முடியச் சில மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். நாளைக்கே போய் நடத்துநரிடம் சொல்லிவிடு. ஒளித்து வைத்துப் பழைய உயரத்தில் கத்தினால் தொண்டைதான் புண்ணாகும். சேர்ந்திசையில் உள்ள வசதியே இதுதான், கீழே ஆண் குரல்களுக்கு டெனர், பேஸ் என்று இன்னும் இரண்டு படி இருக்கின்றன. தனிக் கச்சேரி என்றால் உன்னை வீட்டில் இருத்தியிருப்பார்கள்.

சிங்களப் பாட்டும் பாட வேண்டுமாம். எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடத் தெரியாது. – வவுனியா

தமிழில் எழுதிவைத்துப் பாடமாக்காதீர்கள், அங்கேதான் பிழை தொடங்கும். ‘அ’வுக்கும் ‘எ’க்கும் நடுவில் சிங்களத்தில் ஒரு உயிர் ஒலி இருக்கிறது, அதற்கு நம்மிடம் எழுத்தே கிடையாது. ஒரு சிங்களப் பிள்ளையைச் சொல்லச் சொல்லி போனில் பதிந்து, வாயின் அசைவையும் பார்த்துப் பழகுங்கள். பதிலுக்கு அவர்களுக்கு ‘ழ’ சொல்லிக் கொடுங்கள். அதற்கு முதல் நாமும் ஒழுங்காகச் சொல்லப் பழக வேண்டும், யாழ்ப்பாணத்துக்காரர் பாதிப்பேருக்கு அது ‘ள’தான்! தேசிய கீதம் தெரியும்தானே? பண்டிதர் மு. நல்லதம்பி தமிழில் ஆக்கியது அதே மெட்டில்தான் இருக்கிறது, 2016 பெப்ரவரி 4 சுதந்திர தின விழாவில் கொழும்பில் அதைப் பாடினார்கள். மெட்டு ஏற்கெனவே வாயில் இருப்பதால் சிங்கள வரிகளையும் அதிலிருந்தே தொடங்குங்கள்.

பயிற்சிக்கு மாதம் இரண்டு தரம் கொழும்புக்குப் போய்வர வேண்டுமாம். பொம்பிளைப் பிள்ளை, ஓ.எல். வருடம் வேறு. விடலாமா? – ஒரு அப்பா, சாவகச்சேரி

நானூறு கிலோமீற்றர், ஒரு தரம் போய்வந்தாலே ஒரு நாள் போய்விடும், அதனால் உங்கள் யோசனை நியாயம்தான். முதலில் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: வருடம் முழுவதற்குமான பயிற்சித் திகதிகள், கூடப் போகும் பெண் பொறுப்பாளர் யார், இரவு எங்கே தங்கல். இவற்றுக்கு இழுத்தடித்தால் விடாதீர்கள், நான் அதற்கு மேல் பேசமாட்டேன். ஒழுங்காகப் பதில் வந்தால், சோதினைக்கு முந்தின இரண்டு மாதம் மட்டும் விலக்குத் தரச் சொல்லுங்கள், அந்த நாட்களுக்குரிய பாட்டை ஒலிப்பதிவாக அனுப்பினால் பிள்ளை வீட்டிலிருந்தே பழகும். முடிந்தவரை ரயிலில் அனுப்புங்கள். இரவு ஏசி பஸ்ஸில் போய் இறங்கினால் தொண்டை காய்ந்து, காலையில் முதல் ஒரு மணி நேரம் குரலே திறக்காது.