குட்டியின் தட்டில் எவ்வளவு போடுவது?

நாய்க்குட்டி உணவு பற்றி வந்த கேள்விகளில் அவசரமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

45 நாள் பொமரேனியன் குட்டி நேற்றிலிருந்து எதையும் தொடவில்லை. சுருண்டு படுத்தே கிடக்கிறது. புது வீடு என்பதால் இப்படி இருக்குமா? – சேலம் வாசகர்

இருக்கலாம், ஆனாலும் இதற்குப் பதில் வரும்வரை காத்திருக்கக் கூடாது. சிறு இனக் குட்டிகளுக்குச் சில வேளை உணவு தவறினாலே ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். ஈறில் சிறிது தேன் தடவிவிட்டு, உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். வாந்தியோ ரத்தக் கழிச்சலோ இருந்தால் பார்வோ என்னும் வைரஸ் நோயாக இருக்கக்கூடும். தேறிய பிறகு, வெந்நீரில் ஊறவைத்து மசித்த, குட்டிகளுக்கான உலர் உணவை நாளுக்கு நான்கைந்து வேளை கொடுக்கலாம். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017 மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது என்பதை விற்றவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டு மாத லேப்ரடார், எடை 5 கிலோ. எவ்வளவு போட்டாலும் தட்டை நக்கிவிட்டு இன்னும் கேட்கிறது. போதவில்லையா, டாக்டர்? – திருநெல்வேலி வாசகி

"போதும்" என்று விலகிப் போகும் லேப்ரடாரை நான் அதிகம் பார்த்ததில்லை. அது பார்க்கும் பார்வைக்கு இரங்கி அளவைத் தீர்மானிக்காதீர்கள். இந்த எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 700 கிலோ கலோரி வேண்டும். குட்டிகளுக்கான உலர் உணவு பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கிலோ கலோரி தரும். ஆக, நாளுக்கு 175 முதல் 200 கிராம். அதை நான்கு வேளையாகப் பிரியுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் மூன்று வேளை, ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு வேளை. டம்ளரை நம்பாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஊறவைப்பதானால் அதற்கு முன்பே நிறுக்க வேண்டும்.

இது தொடக்க அளவுதான். பாக்கெட்டின் பின்னால் இருக்கும் அட்டவணையும் அப்படியே. வாரம் ஒருமுறை எடை பாருங்கள், விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமல் கையை ஓட்டும்போதே எலும்புகள் விரலில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்று உள்வாங்கித் தெரிய வேண்டும். எலும்பைத் தேட வேண்டியிருந்தால் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். தாத்தா மேசைக்கடியில் நீட்டும் பிஸ்கட்டும் கணக்கில் சேரும்!

தெருவில் கிடைத்த குட்டி. பால்சோறும் தயிர்சாதமும் வயிறு முட்டச் சாப்பிடுகிறது. ஆனால் வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு தெரிகிறது. – மதுரை வாசகர்

குடற்புழுவைத்தான் முதலில் சந்தேகிப்பேன். தாயின் கருப்பையிலும் பாலிலும் இருந்தே உருண்டைப் புழு குட்டிக்கு வந்துவிடும். எடைக்கேற்ற புழு நீக்க மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்; எட்டு வாரம்வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறையும் கொடுப்பது வழக்கம்.

அடுத்தது சாப்பாடு. வளரும் குட்டியின் உணவில், ஈரம் நீங்கிய எடையில் 22.5 சதவீதமாவது புரதம் வேண்டும். பால்சோற்றில் அது கிடைக்காது. பசும்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சலைத் தரும், நிறுத்திவிடுங்கள். குட்டி உணவுக்கு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். இடையில் அவித்த முட்டையோ எலும்பு நீக்கி வேகவைத்த கோழியோ சிறிது சேர்க்கலாம். குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்களுக்கு நஞ்சு.

நான்கு மாத சிப்பிப்பாறை. "பட்டினி போடுகிறீர்களா?" என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். – விருதுநகர் வாசகர்

கேட்கட்டும். ஓடி வேட்டையாடிய இனம் அது. கடைசிச் சில விலா எலும்புகள் வெளியே தெரிவது இயல்புதான். கன்னி நாய்க்கும் இதே கதை. இடுப்பெலும்பின் முனைகள் கூராகத் துருத்தினாலோ, தொடைச் சதை கரைந்திருந்தாலோ மட்டும் காட்டுங்கள்.

கிரேட் டேன் குட்டிக்கு எலும்பு வலுப்பட கால்சியம் சிரப் கொடுக்கலாமா? – கோவை வாசகி

வேண்டாம். பேரினக் குட்டிகளுக்கான உணவில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. சின்ன வயதில் மிகுதியான கால்சியத்தைத் தடுத்து நிறுத்தக் குடலுக்குத் தெரியாது. எலும்பு கோணலாக வளரும். குட்டி சீக்கிரம் பெரிதாகட்டும் என்று உணவை அள்ளிப் போடுவதும் மூட்டுகளுக்குக் கேடுதான்.