மரண அறிவித்தலில் மைத்துனரைத் தேடுங்கள்

கேள்வி: அம்மம்மாவின் றங்குப் பெட்டியில் இரண்டு பத்திரிகைத் துண்டுகள் கிடைத்தன. ஒன்று, கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையில் வந்த நிச்சயதார்த்த அறிவித்தல், திகதி இல்லை. மணமகன் சிரம்பானையும் வட்டுக்கோட்டையையும் சேர்ந்த காலஞ்சென்ற தம்பதிகளின் மூன்றாவது மகன். மணமகள் கொழும்புத்துறையைச் சேர்ந்த ஒருவரின் இரண்டாவது மகள். மணமகளின் பெயர் இருந்த இடம் மடிப்பில் கிழிந்துவிட்டது. மணமகளின் தகப்பன் பெயர் என் பூட்டனாரின், அதாவது அம்மம்மாவின் தகப்பனின், பெயர்தான். ஆனால் மணமகன் பெயர் என் அம்மப்பாவின் பெயர் அல்ல. மற்றத் துண்டு, பழைய மரண அறிவித்தல். அதில் பூட்டனாரின் பெயர் 'மைத்துனர்' என்று வருகிறது. இறந்தவர் யாரென்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. இவற்றை வைத்துப் பரம்பரையைத் தேட முடியுமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: முடியும். அந்த மரண அறிவித்தல் நீங்கள் நினைப்பதைவிடப் பெறுமதியானது. அதிலிருந்தே தொடங்குங்கள்.

நம்மவர்களின் பரம்பரையைத் தேடுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது பெயரில்தான். குடும்பப் பெயர் என்ற ஒன்று நம்மிடம் இல்லை. கந்தையா மகன் பொன்னையா, பொன்னையா மகன் சிவலிங்கம் என்று போனால், மூன்றாம் தலைமுறையில் கந்தையா முதலெழுத்தில்கூட மிஞ்சுவதில்லை. கலியாணமான பெண்ணின் பெயருக்கு முன்னால் கணவன் பெயர் வந்துவிடுவதால் தகப்பன் பெயர் பாவனையிலிருந்து போய்விடுகிறது. போதாததற்கு ஊருக்குப் பத்துப் பொன்னையா. எனவே பெயரை வைத்துத் தேடாமல் உறவுமுறையை வைத்துத் தேடுங்கள். அதற்கு யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலைப் போல வாய்ப்பான ஆவணம் வேறில்லை.

அதன் வாசகம் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர். அன்னார் இன்ன தம்பதிகளின் அன்பு மகனும், இன்ன தம்பதிகளின் மருமகனும், இன்னாரின் கணவரும், இன்னார்களின் தந்தையும், சகோதரரும், மைத்துனரும், மாமனாரும், பேரனும் ஆவார். 'உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்' என்று முடியும். ஒவ்வொரு 'உம்' விகுதிக்கும் ஒரு கோடு கீறினால் தாளில் மூன்று தலைமுறை வந்து நிற்கும். பேரன் என்பது இங்கே பாட்டனாரைக் குறிக்கும் என்பதை வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பலர் கோட்டைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் துண்டு. பூட்டனார் இறந்தவருக்கு மைத்துனர் என்றால் மூன்று வழிகள் உண்டு. இறந்தவர் உங்கள் பூட்டியாரின் சகோதரராக இருக்கலாம். பூட்டனாரின் சகோதரியைக் கட்டியவராக இருக்கலாம். அல்லது இருவரும் அக்கா தங்கையைக் கட்டிய சகலன்மார். சகலனையும் மைத்துனர் வரிசையில் சேர்த்துவிடும் அறிவித்தல்கள் ஏராளம்.

எது சரி என்பதை அதே துண்டு சொல்லும். சகோதரர் வரிசையில் பூட்டியாரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலாவது வழி; 'தம்பதிகளின் அன்பு மகனும்' என்று வருகிற அந்தத் தம்பதிகள் பூட்டியாரின் பெற்றோர். இல்லையென்றால் 'மருமகனும்' என்ற வரிக்குப் போங்கள். அங்கே வருகிற மாமனாரின் பெயர் பூட்டனாரின் முதலெழுத்தோடு பொருந்தினால் அவர்கள் பூட்டனாரின் பெற்றோர். பூட்டியாரின் தகப்பன் பெயரோடு பொருந்தினால் இறந்தவர் சகலன். அந்தத் தம்பதிகள் பூட்டியாரின் பெற்றோர். எந்த வழியாக இருந்தாலும் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடுகிறீர்கள். அதுவும் தாயின் பெயரோடு. முதலெழுத்திலும் கையொப்பத்திலும் ஒருபோதும் வராத அந்தத் தாய்மாரின் பெயர்கள் 'தம்பதிகளின்' என்ற சொல்லுக்கு முன்னால்தான் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

இரண்டு எச்சரிக்கைகள். மாற்றுச் சம்பந்தம் நடந்த குடும்பத்தில், அதாவது ஒரு வீட்டு அண்ணன் தங்கையும் மற்ற வீட்டு அண்ணன் தங்கையும் மாறிக் கட்டியிருந்தால், முதல் இரண்டு வழிகளும் ஒருசேர உண்மையாகும். சொந்தத்துக்குள் கட்டிய குடும்பத்தில் மருமகன் என்பவர் மகளின் கணவராகவும் சகோதரியின் மகனாகவும் இருக்கக்கூடும். கோடுகள் சிக்கினால் உங்கள் தேடலில் பிழை என்று எண்ணவேண்டாம். யாழ்ப்பாணத்துக் கலியாணங்களே அப்படித்தான்.

'காலஞ்சென்றவர்களான' என்ற சொல்லை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். அது 'மற்றும்' வரைக்குமா, வரிசை முழுவதற்குமா என்று நிதானமாகப் பாருங்கள். ஒரே குடும்பத்தின் இரண்டு அறிவித்தல்கள் கிடைத்தால் இந்தச் சொல் திகதி சொல்லும். 1974 இல் சும்மா நின்ற பெயர் 1983 இல் காலஞ்சென்றவர்களோடு நின்றால், அந்த ஒன்பது ஆண்டுகளுக்குள் மரணப் பதிவைத் தேடினால் போதும்.

துண்டில் ஆண்டு இல்லாவிட்டால் கிழமையைப் பாருங்கள். '12 ஆம் திகதி வியாழக்கிழமை' என்று மாதத்தோடு இருந்தால், அந்தப் பொருத்தம் 5, 6 அல்லது 11 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். துண்டைத் திருப்பியும் பாருங்கள். பின்பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட சினிமா விளம்பரமோ தேர்தல் செய்தியோ இருந்தால் ஆண்டைக் கணித்துவிடலாம். தகனக்கிரியை எந்த மயானத்தில் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கோம்பயன்மணல் என்றால் இறந்தவர் வண்ணார்பண்ணைப் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

ஊர்ப்பெயரில் இன்னும் இரண்டு கண்ணிகள் உண்டு. கொக்குவிலில் இருக்கும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் கனடாவில் இருந்து உதவ வரும் மருமகன்மார் கொழும்புத்துறையைக் கொழும்பு என்று எழுதிவிடுவார்கள். பழைய ஆவணத்தில் காரைதீவு என்று இருந்தால் அது இன்றைய காரைநகராகவும் இருக்கலாம், அம்பாறைக் காரைதீவாகவும் இருக்கலாம். ஆங்கில ஆவணங்களில் பருத்தித்துறை பொயின்ட் பீட்ரோ, ஊர்காவற்றுறை கயிட்ஸ், நெடுந்தீவு டெல்ஃப்ட். மிஷனரிமாரின் எழுத்தில் வட்டுக்கோட்டை பட்டிக்கோட்டா ஆகிவிடும். தேடும்போது இவற்றையும் போட்டுத் தேடவேண்டும்.

இனி நிச்சயதார்த்தம். அந்த அறிவித்தல் ஒரு கலியாணம் பேசி முற்றானதற்குச் சான்று. அந்தக் கலியாணம் நடந்ததற்குச் சான்று அல்ல. பேசி முற்றாக்கிப் பத்திரிகையில் போட்டபின் சீதனத்திலோ சாதகத்திலோ குழம்பிப்போன சம்பந்தங்கள் உண்டு. அம்மம்மா அந்தத் துண்டைப் பெட்டிக்குள் வைத்திருந்தார் என்பதிலிருந்து கதை கட்டுவதற்கு முன், சாதாரணமான காரணத்தைப் பாருங்கள். மணமகள் 'இரண்டாவது மகள்'. அம்மம்மா எத்தனையாவது பிள்ளை? அவருக்கு மூத்த சகோதரிகள் எத்தனை பேர், இளம் வயதில் இறந்தவர்கள் உட்பட? அவர் மூன்றாவது அல்லது நான்காவது மகள் என்றால் அது அக்காவின் நிச்சயதார்த்தம், அவ்வளவுதான். அவரே இரண்டாவது என்றால், மணமகனுக்கு இன்னொரு பெயர் இருந்ததா என்று விசாரியுங்கள். அமெரிக்க மிஷனின் செல்வாக்கு ஆழமாக இறங்கிய வட்டுக்கோட்டைப் பகுதியில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் வேறொன்று என்பது வழமை. 'உதயதாரகை' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த ஜே. ஆர். ஆர்னல்ட் என்பவரும் சதாசிவம்பிள்ளை என்பவரும் ஒருவரே.

இதைத் தீர்த்துவைப்பது விவாகப் பதிவு. மணமக்களின் தகப்பன்மார் பெயர், வயது, தொழில், வதிவிடம் எல்லாம் அதில் இருக்கும். நம்மிடையே 'எழுத்து' ஒரு நாளிலும் தாலிகட்டு பல மாதம் கழித்தும் நடப்பதுண்டு. வீட்டார் சொல்லும் கலியாணத் திகதிக்கு முந்திய ஆண்டையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். பிரதிக்கு, பதிவு நடந்த பிரிவின் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கே போகும்போது வீட்டில் பிந்திய தலைமுறையினரின் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒருமுறை புரட்டுங்கள். நமது படிவத்தில் பாட்டனாருக்கென்று ஒரு கட்டம் உண்டு: இலங்கையில் பிறந்தவரானால் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். தகப்பன் வெளியே, உதாரணமாக மலாயாவில் பிறந்தவரானால், பூட்டனாருக்கும் கட்டம் உண்டு. குடியுரிமைக்காக வைத்த கட்டங்கள் அவை. பரம்பரை தேடுகிறவர்களுக்குக் கிடைத்த வரப்பிரசாதம்.

சிரம்பான் என்றவுடன் மலாயா பென்சனியர் குடும்பம் என்று கண்டிருப்பீர்கள். ரயில்வேக்கும் அரசாங்க எழுதுவினைஞர் வேலைக்கும் போனவர்கள் அங்கேயே கலியாணமும் சாவும் அறிவித்தார்கள். சிங்கப்பூர் தேசிய நூலகச் சபை பழைய 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' உள்ளிட்ட பத்திரிகைகளை இணையத்தில் தேடக்கூடியதாக வைத்திருக்கிறது. ஒரு பெயரை ஐந்தாறு ஆங்கில எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். அந்த மணமகனின் பெற்றோர் பற்றிய அறிவித்தல் யாழ்ப்பாணத்தில் கிடைப்பதைவிட அங்கே கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

யாழ்ப்பாணத்தில் ஏன் குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். 1981 இல் பொது நூலகம் எரிந்தது. அதே நாட்களில் 1959 முதல் வெளிவந்த 'ஈழநாடு' அலுவலகமும் எரிந்தது. 1995 இடப்பெயர்வில் வலிகாமத்து வீடுகளில் இருந்த றங்குப் பெட்டிகள் எத்தனையோ திரும்பி வரவில்லை. எஞ்சியவற்றில் கணிசமானவற்றை 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் எண்ணிமப்படுத்தி இலவசமாகத் தருகிறது. பத்திரிகைகளை மட்டும் அங்கே தேடாதீர்கள். கல்வெட்டுகளைத் தேடுங்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலரைத்தான் சொல்கிறேன். அறிவித்தல் காசுக்கு எழுதப்பட்டது, வரி கூடினால் கட்டணம் கூடும். கல்வெட்டுக்கு அந்த நெருக்கடி இல்லை. வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஆளுக்கொரு பாட்டு. பல மலர்களில் வம்சாவழி அட்டவணையே இருக்கும். அதில் மேல் கிளைகளை அவ்வளவாக நம்பவேண்டாம். நாலாம் தலைமுறைக்கு அப்பால் திடீரென்று யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் மந்திரி ஒருவர் வந்து குந்தியிருந்தால் அவரை மரியாதையோடு ஒதுக்கிவிட்டு, எழுதியவர் தம் கண்ணால் கண்ட தலைமுறைகளை மட்டும் எடுங்கள். முன்பக்கத்துத் திதி வெண்பா ஆண்டு, மாதம், பட்சம், திதி நான்கையும் தரும். ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பும் என்பதால், விளம்பி என்றால் 1898 ஆ 1958 ஆ என்று மற்றச் செய்திகளோடு வைத்துத் தீர்மானிக்கவேண்டும்.

வயதானவர்களிடம் கேட்கும் முறையும் இதோடு சேர்ந்ததே. 'எந்த ஆண்டு இறந்தார்?' என்றால் தலையைச் சொறிவார்கள். 'திவசம் எப்போது?' என்றால் திதி உடனே வரும். 'அவர் எங்களுக்கு என்ன உறவு?' என்றால் 'சொந்தம்தான்' என்பார்கள். 'அவருடைய சாவுக்கு எங்களுக்குத் துடக்கு (சாவுத் தீட்டு) இருந்ததா?' என்று கேளுங்கள். ஆம் என்றால் தகப்பன்வழியில் பிடியுங்கள். சாப்பாடு மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தோம் என்றால் பெரும்பாலும் பெண் கொடுத்த, எடுத்த வழி.

கடைசியாகக் காணி உறுதி. பெயர் ஆண்வழியில் போனாலும் வீடு பெண்வழியில் போவது நமது வழக்கம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையில் தாயின் சீதனம் மகள்மாருக்கும், தகப்பனின் முதுசம் மகன்மாருக்கும் என்பதே பழைய ஒழுங்கு. கலியாணம் கட்டியவர் மனைவியின் சீதன வீட்டில் போய் இருப்பார். அறிவித்தலில் பிறப்பிடம் ஒன்று, வதிவிடம் வேறு என்று வருவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். கொழும்புத்துறைக் காணியின் சீதன உறுதி உங்கள் குடும்பத்தில் எவரிடமாவது இருக்கும். அம்மம்மாவுக்கு எழுதிய உறுதியில், அந்தக் காணி பூட்டியாருக்கு எந்த உறுதியால் வந்தது என்று நொத்தாரிசின் பெயர், இலக்கம், திகதியோடு எழுதியிருக்கும். அந்த இலக்கத்தைக் கொண்டு காணிப் பதிவகத்தில் முந்திய உறுதிக்குப் போகலாம், அதிலிருந்து அதற்கு முந்தியதற்கு. நான்கு எல்லைகளையும் வாசியுங்கள். வடக்கே இன்னார் பெண் இன்னார், கிழக்கே இன்னார் என்று வருகிற அயலவர்கள் பல தடவை ஒரே வளவைப் பங்கிட்ட சகோதரிகளாகவே இருப்பார்கள். உங்கள் மரண அறிவித்தலில் உள்ள பெயரொன்று அங்கே எல்லையாக வந்து நின்றால், அந்த மைத்துனர் எந்த வழி என்ற கேள்விக்கு இரண்டாவது சாட்சி கிடைத்துவிடும்.

பட்டியலில் ஒருவர் இல்லை என்பதற்காக அப்படி ஒருவர் இருக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கோபத்தில் விட்ட பெயர், முதல்தாரத்துப் பிள்ளை, வீட்டுக்குச் சம்மதமில்லாமல் கட்டிக்கொண்டு போனவர், காணாமல் போய் இன்றுவரை இறந்தவர் என்று எழுத மனம் வராதவர் – எல்லோருமே அந்த வரிசையில் விடுபட்டிருக்கலாம். இவர்களைப் பற்றிய கேள்வியை இறுதிச்சடங்கு வீட்டிலோ உறவினர் வாட்ஸ்அப் குழுவிலோ போடாமல், விடயம் தெரிந்த ஒரு பெரியம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி, யார் சொன்னது, எந்தத் திகதியில் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அட்டவணையைப் பிறகு இணையத்தில் ஏற்றுவதானால், உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதியையும் தாயின் பெயரையும் விட்டுவிட்டு ஏற்றுங்கள்.